வாடகைக்கு ஒரு சான்றிதழ்

வீட்டை வாடகைக்கு விடுகிறோம். ஒரு காலத்தில் சைக்கிளை மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். கல்யாணம் என்றால் பந்தலும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் எதிலும் குற்றமில்லை. ஆனால் படித்த படிப்பையே வாடகைக்கு விட்டுவிட்டு, அதை ஒரு தவறென்றுகூட எண்ணாமல் நிம்மதியாகத் தூங்குகிற விந்தை நம் நாட்டில் நடக்கிறது. மருந்தாளுநர் என்று அரசாங்கக் காகிதங்களில் எழுதுகிறார்களே, அந்தத் தொழிலைத்தான் சொல்கிறேன்.

ஒருவர் படிக்கிறார், தேறுகிறார், கவுன்சிலில் பெயரைப் பதிந்துகொள்கிறார். பிறகு அந்தக் காகிதத்தை ஒரு மருந்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மாதா மாதம் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வேறு எங்கோ போய் வேறு எதையோ செய்கிறார். கடையில் அவருடைய சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. நாட்டின் சட்டம் ஒரு மனிதரைக் கேட்கிறது. நாம் அதற்கு ஒரு மரச் சட்டத்தைக் காட்டி அனுப்பிவிடுகிறோம்.

"ஊர் பூராவும் இப்படித்தானே நடக்கிறது, இதில் என்ன புதுமை?" என்பீர்கள். புதுமை இல்லை என்பதுதான் என்னுடைய கோபத்துக்குக் காரணம்.

இந்த நோய் கடையில் தொடங்குவதில்லை, வாசகர்களே. நம் வீட்டுக் கூடத்தில் தொடங்குகிறது. பிளஸ் டூ முடிவும் நீட் முடிவும் வெளிவருகிற மாதங்களில் எந்த நடுத்தரக் குடும்பத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டாக்டருக்கு இடம் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் தாயார் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தகப்பனார் முற்றத்தில் உலாவுகிறார். சித்தப்பா ஒருவர் வந்து, "போகட்டும் விடுங்கள், பி.பார்ம் சேர்த்துவிடலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் சர்ட்டிபிகேட்டை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம்" என்கிறார். அந்த வார்த்தையைக் கவனியுங்கள். "படிப்பை வைத்து" என்று அவர் சொல்லவில்லை. பையன் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே, அவன் தொழிலை விற்பதற்கு வீட்டில் பேரம் முடிந்துவிடுகிறது. தோற்றவனுக்குத் தருகிற ஆறுதல் பரிசாக ஒரு தொழிலைக் கொடுத்தால், அதை வாங்கிக்கொள்கிறவன் எப்படி நிமிர்ந்து நிற்பான்?

நம் கதைகளும் இதற்கு உதவி செய்யவில்லை. டாக்டர் கதாநாயகர்களுக்குப் பஞ்சமே இல்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் கண்ணில் கருணையுமாக வந்து நிற்பார்கள். கம்பவுண்டரோ ஓரத்தில் வருவார். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே சிவப்பு மிக்ஸரை அவுன்ஸ் கிளாஸில் அளந்து, பாட்டிலில் ஊற்றி, வேளைக் கணக்குக்குப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அதன்மேல் ஒட்டுவார். வாசகரைச் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் காகிதப் பற்கள் நோயாளியின் உயிரைக் காத்தன என்பதைச் சொல்லக் கதையில் இடம் இருந்ததில்லை.

நம் முன்னோர்கள் இவ்வளவு அலட்சியமாக இருக்கவில்லை. திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் கடைசிக் குறளில், 950-வது குறளில், வைத்தியத்துக்கு நான்கு அங்கங்களை வள்ளுவர் எண்ணிச் சொல்கிறார். நோயாளி ஒன்று, வைத்தியன் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவதாக 'உழைச்செல்வான்' என்று ஒருவனைச் சேர்க்கிறார். பக்கத்தில் இருந்து மருந்தைப் பிழையில்லாமல் செய்து கொடுக்கிறவன் அவன் என்று பழைய உரை விளக்குகிறது. நாலில் ஒரு பங்கு அவனுக்கு! அவனை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் வைத்தியம் ஊனம்தான்.

இது ஏட்டோடு நின்ற பேச்சுமல்ல. காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. அங்கே 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை நடந்தது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், இவர்களோடு மூலிகை கொண்டுவந்து மருந்து தயாரிக்கிற வேலைக்கென்றே இரண்டு பேர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தாதியர் என்று ஆள் கணக்குப் போட்டு, ஊதியத்தையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அளவும்கூட அதில் இருக்கின்றன. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மருந்து செய்கிறவனுக்கு ஆளாக நின்று வேலை பார்க்கச் சம்பளம் கொடுத்தார்கள். நாம் அவனுடைய காகிதத்துக்கு வாடகை கொடுக்கிறோம். முன்னேற்றம்!

இந்தக் காலத்துச் சட்டமும் சும்மா பிறந்துவிடவில்லை. கலப்பட மருந்தும் போலி மருந்தும் நாட்டில் மலிந்து கிடக்கின்றன என்று கூக்குரல் எழுந்த பிறகு, 1930-ல் கர்னல் ஆர். என். சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மருந்துக்கும் சட்டம் வேண்டும், மருந்தைக் கையாளுகிறவனுக்கும் முறையான படிப்பு வேண்டும் என்று அது அறிக்கை கொடுத்தது. 1932-ல் மகாதேவ லால் ஷ்ராஃப் என்கிற பெரியவர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பைத் தொடங்கி வைத்தார். 1940-ல் மருந்துச் சட்டமும், 1945-ல் அதன் விதிகளும், சுதந்திரம் வந்த கையோடு 1948-ல் மருந்தியல் சட்டமும் வந்தன. டாக்டர் எழுதிய சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் கையால் நடக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய நேரடிப் பார்வையில் நடக்க வேண்டும். இதுதான் விதி. பார்வை என்றால் கண்ணால் பார்ப்பது. புகைப்படத்தின் கண்கள் அதில் சேரா.

இனி வேங்கிக்காலுக்கு வாருங்கள். திருவண்ணாமலையில் இருந்து வேலூர் போகிற சாலையில் இருக்கிற ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வந்தது. அதன் பின்னால் ஜெராக்ஸ் கடையும் ஓட்டலும் மருந்துக் கடையும் வந்தன. திங்கட்கிழமைகளில் குறைதீர்க்கும் நாளுக்காகச் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஜவ்வாது மலையிலிருந்தும் ஜனங்கள் மனுவோடு வந்து இறங்குவார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை நான் அங்கே ஒரு மருந்துக் கடையில் தலைவலி மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். கடையின் பெயர் நமக்கு வேண்டாம்; அந்தக் கடை ஒன்றும் மற்றக் கடைகளைவிட மோசமானதல்ல.

ஒரு கிழவி வந்தாள். மடியிலிருந்து இரண்டு மாத்திரைப் பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நைனா, இது ஊரு ஆஸ்பத்திரில குடுத்தது. இது டவுன்ல காசு குடுத்துப் பாத்த டாக்டரு எழுதினது. இதுல எது காலையில, எது ராவுக்கு? காலு வேற வீங்கிப் போச்சு, எழுந்தா தல சுத்துது."

கடையில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். சூட்டிகையான பையன். பட்டைகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது காலையில போடு ஆயா, அது ராவுக்குப் போடு. தல சுத்தறதுக்கு வேற ஒண்ணு தர்றேன்."

நான் அந்தப் பட்டைகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் மருந்தின் பெயர் அம்லோடிபைன் என்று அப்படியே இருந்தது. மற்றதில் ஏதோ ஓர் அழகான வியாபாரப் பெயர் கொட்டை எழுத்தில். அதன் கீழே பொடி எழுத்தில் அதே அம்லோடிபைன். இரத்த அழுத்தத்துக்கான ஒரே மருந்தை இரண்டு பெயரில், இரண்டு வேளை, இரட்டை அளவில் அவள் விழுங்கிக்கொண்டிருந்தாள். அந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும், தலை சுற்றும் என்பது மருந்தாளுநர் படிப்பில் பாலபாடம். அந்தத் தலைச்சுற்றலுக்குத்தான் மூன்றாவது மாத்திரை தயாராகிக்கொண்டிருந்தது.

"ஆயா, இரண்டையும் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் சாப்பிடு" என்று அவளிடம் சொன்னேன். பிறகு சுவரைக் காட்டிப் பையனைக் கேட்டேன்: "தம்பி, இந்தப் படத்தில் இருக்கிற மருந்தாளுநர் எங்கே?"

"அந்தக்காவா சார்? கல்யாணம் ஆயி பெங்களூர்ல கீறாங்க. லைசென்சுக்குக் கையெழுத்து வேணும்னா ஒரு தபா வருவாங்க."

அவன் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. பையன்மேல் எனக்குக் கோபமில்லை. பட்டையின் பின்புறத்தைப் படிக்க யாரும் அவனுக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கற்றுக்கொண்டவளோ பெங்களூரில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு வருஷப் படிப்பும், அதன்மேல் 500 மணி நேரப் பயிற்சியும் சுவரில் தொங்குகின்றன. கிழவி எதிரே நிற்கிறாள். நடுவில் நாலடி தூரம்தான்.

இதற்குப் பதிலாக மூன்று வாதங்களைச் சொல்வார்கள். மூன்றையும் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம்: "இப்போது எல்லா மருந்தும் பட்டையிலும் பாட்டிலிலும் தயாராக வந்துவிடுகிறதே, எடுத்துக் கொடுக்க எதற்குப் படிப்பு?" பார்ப்பதற்கு நியாயம் போல இருக்கும். கலுவம் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் கலுவம் இருந்த காலத்தில் ஒரு கம்பவுண்டர் தவறு செய்தால் ஒரு பாட்டில்தான் கெடும். இப்போது ஒரு தொழிற்சாலை தவறு செய்தால் ஊர் ஊராகக் கெடும். 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தை டைஎதிலீன் கிளைகால் என்ற விஷ திரவத்தில் கரைத்து விற்றார்கள். 100 பேருக்கு மேல் மாண்டார்கள். அடுத்த வருஷமே அந்த நாடு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. நாம் என்ன கற்றுக்கொண்டோம்? 2025-ல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20 குழந்தைகளுக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் சோதித்தபோது அதில் அதே டைஎதிலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. 88 வருஷம் கழித்து, அதே விஷம்!

அந்த விஷத்தைக் கடையில் நிற்கிற மருந்தாளுநர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தொழிற்சாலைக்குள் வருகிற ஒவ்வொரு பீப்பாயையும் சோதித்த பிறகே கலக்க வேண்டும் என்பது இதே படிப்பின் பாடம். அதைச் சரிபார்க்க வருகிற மருந்து ஆய்வாளர் படிப்பதும் இதே படிப்புத்தான். கடையிலும் ஒரு வாசல் இருந்தது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். கோல்ட்ரிஃப் அந்தச் சேர்மானம்தான். மாண்ட குழந்தைகளில் மிகப் பலர் 5 வயதுகூட நிரம்பாதவர்கள். "குழந்தைக்கு என்ன வயது அம்மா?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தால், சில வீடுகளுக்காவது அந்தப் பாட்டில் போயிருக்காது. எடுத்துக் கொடுக்கப் படிப்பு வேண்டாம்தான், ஐயா. கொடுக்காமல் இருக்கத்தான் படிப்பு வேண்டும்.

இதே திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு கிரிவலம் வருகிறார்கள். நடந்து முடித்தவர்கள் கடையில் வந்து, "கால் வலிக்கு ஒன்று கொடு" என்கிறார்கள். டைக்ளோஃபினாக் சர்வ சாதாரணமாகக் கை மாறுகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கும் இருதய நோயாளிக்கும் அது ஆபத்து என்று எச்சரிக்க ஆள் எங்கே? ஆண்டிபயாடிக் கதை இதைவிட மோசம். முக்கியமான பல ஆண்டிபயாடிக்குகளை எச்-1 அட்டவணையில் சேர்த்து, டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. எழுத வேண்டிய கை ஊரில் இல்லை. நோட்டு மட்டும் என்ன செய்யும்?

இரண்டாவது வாதம் கடைக்காரருடையது: "முழுச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தால் சின்னக் கடை தாங்காது." இதில் பாதி உண்மை உண்டு. பெரிய கம்பெனிகளின் சங்கிலிக் கடைகளும் இணைய வியாபாரமும் தள்ளுபடி கொடுத்துச் சின்னக் கடையை நெருக்குகின்றன. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓட்டல் வைக்கிறவர், "சமையல்காரனுக்குச் சம்பளம் கட்டாது, அவன் போட்டோவை மாட்டிவைக்கிறேன்" என்று சொன்னால் நீங்கள் சாப்பிடுவீர்களா? ஆள் வைக்கக் கட்டாவிட்டால் படித்தவரே கடை வைக்கட்டும். அதற்கு வழி இல்லாமலும் இல்லை. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்கள் தாங்களே நடத்தலாம் என்று சொல்லி 3 லட்ச ரூபாய் மானியமும் அறிவித்தது. அரசு வேலையும் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே அறிவிப்பில் 889 மருந்தாளுநர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது.

ஆனால் அந்தச் சில நூறு இடங்களை நம்பி எத்தனை ஆயிரம் பேர் படித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்! கல்லூரிகள் புற்றீசல் போலப் பெருகுகின்றன என்று பயந்து, ஐந்து வருஷத்துக்குப் புதிய கல்லூரி வேண்டாம் என்று 2019-ல் இந்திய மருந்தியல் கவுன்சில் தீர்மானம் போட்டது. அந்தத் தடையை வெறும் தீர்மானத்தால் விதிக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் சட்டத்தைச் சொன்னது, அது சரிதான். நான் கேட்பது கல்லூரி முதலாளிகளை. ஆளைத் தயாரிக்கிறீர்களா, சட்டத்துக்குள் மாட்டுவதற்குக் காகிதம் அச்சடிக்கிறீர்களா? பயிற்சிக்குப் போன 500 மணி நேரமும் மாணவன் உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் நின்றானா, அல்லது அங்கேயும் கையெழுத்து மட்டும் போய்விட்டு வந்ததா?

மூன்றாவது வாதம்தான் மிகவும் பரிதாபமானது. அது சான்றிதழ் கொடுத்தவர்களுடையது: "நான் கொடுக்காவிட்டால் இன்னொருவர் கொடுப்பார். அதுவும் பெண் பிள்ளை. கல்யாணமாகிக் குழந்தை குட்டி என்று ஆனபிறகு கடையில் போய் நிற்க முடியுமா? வீட்டில் இருந்தபடி ஏதோ நாலு காசு." மகளே, உன்னை நான் திட்டப் போவதில்லை. உன்னைப் படிக்க வைத்துவிட்டு, நிற்காதே என்று உட்கார வைத்தவர்களைத்தான் திட்ட வேண்டும். ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள். சுவரில் இருக்கிற பெயர் உன்னுடையது. அந்தக் கடையில் ஒரு குழந்தைக்குத் தவறான மருந்து போனால், சட்டம் தேடி வருவதும் அந்தப் பெயரைத்தான். பதிவு பெறாதவர் மருந்து கொடுப்பது 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 42-வது பிரிவுப்படி குற்றம். 2022 நவம்பரில் பீகார் மாநிலத்து வழக்கு ஒன்றில், பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமலும் போலி மருந்தாளுநரை வைத்தும் ஆஸ்பத்திரியும் மருந்தகமும் நடத்துவது ஜனங்களின் உயிரோடு விளையாடுவது என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அந்த நாலு காசுக்கு நீ அடகு வைத்திருப்பது உன் நிம்மதியை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தாளுநர்களுக்குச் சம்பளம் குறைவு என்று அழுகிறவர்களே அந்தச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள். காகிதம் மலிவாகக் கிடைக்கிற சந்தையில் ஆளுக்கு யார் விலை கொடுப்பார்? ஒருவர் தன் சான்றிதழை வாடகைக்கு விடும்போது, கடையில் நின்று வேலை செய்யத் தயாராக இருக்கிற இன்னொருவரின் வேலையைப் பறிக்கிறார். அவருடைய கௌரவத்தையும் சேர்த்துப் பறிக்கிறார். "மெடிக்கல் ஷாப்காரன்" என்று ஊர் இளக்காரமாகச் சொல்வதற்குக் காரணம் ஊர் மட்டுமல்ல.

ஆகவே மருந்தாளுநர் ஆக விரும்புகிற தம்பி தங்கைகளுக்கு என் அபிப்பிராயம் இது. தாராளமாகப் படியுங்கள். டிப்ளமோ இரண்டு வருஷம், பட்டம் நாலு வருஷம், 2008 முதல் வந்திருக்கிற பார்ம்.டி ஆறு வருஷம். வசதிக்கும் ஆசைக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், ஆஸ்பத்திரி, மருந்து ஆய்வாளர் உத்தியோகம், சொந்தக் கடை என்று வழிகள் பல இருக்கின்றன. ஆனால் படித்தால் போய் நில்லுங்கள். 2015-ஆம் வருஷத்து மருந்தியல் தொழில் விதிகள், நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதை உங்கள் கடமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. வாய் திறந்து பேசுங்கள். நிற்க மனமில்லையென்றால் வேறு படிப்புக்குப் போங்கள். நிற்க விரும்புகிற ஒருவனுக்கு அந்த இடம் கிடைக்கட்டும்.

நமக்கும் ஒரு காரியம் இருக்கிறது. கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறோம். புடவைக்கு வெளிச்சத்தில் சாயம் பார்க்கிறோம். மருந்துக் கடையில் மட்டும் பில்லின் தள்ளுபடியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. இனிமேல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: "மருந்தாளுநர் யார்?" சண்டை வேண்டாம், புகார் மனு வேண்டாம், மரியாதையாகவே கேட்கலாம். சுவரைக் காட்டினால் அடுத்த கடைக்கு நடப்போம். பத்துப் பேர் அப்படி நடந்தால் பதினோராவது நாள் அந்தச் சுவரில் இருப்பவர் மேஜைக்குப் பின்னால் வந்துவிடுவார். வியாபாரிக்குச் சட்டத்தைவிட வாடிக்கைக்காரர் நடக்கிற சத்தம் நன்றாகக் கேட்கும்.